குவாரி ரோட்டில் விழுந்தவை

மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்த வருஷம்தான் ஊருக்கு முதல் மோட்டார் வண்டியும் வந்தது. இரண்டைப் பற்றியும் மாமியாருக்கு ஒரே அபிப்பிராயம்தான் இருந்தது: சத்தம் அதிகம், எத்தனை நாளைக்கு ஓடும் என்று பார்க்கலாம்.

அதற்கு முன்னால் அவர் ஊர் ஊராகப் போய் வண்டி மை விற்றுக்கொண்டிருந்தார். சக்கரம் கிறீச்சிடாமல் சுழல அச்சில் தடவுகிற கறுப்புப் பசை அது. அந்தத் தொழிலில் கையும் வெளுக்காது, வாயும் ஓயாது. அப்படி ஒருநாள் கமான் பட்டறைக்கு வந்தவர் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு மத்தியானம் வரைக்கும் பேசினார். பட்டறைக்காரம்மா ஒரு டப்பாகூட வாங்கவில்லை. ஜன்னலுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த அவருடைய ஒரே மகள், இவ்வளவு பேசியும் எதையும் விற்க முடியாத ஆளைத் தான் பார்த்ததே இல்லை என்று விழுந்து விழுந்து சிரித்தாள். அடுத்த மாதம் அவரைத்தான் கட்டிக்கொள்வேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். வீட்டில் எல்லோரும் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிட்டார்கள். நினைத்ததை முடிக்காமல் விடாத பாப்பா.

கல்யாணம் ஆனதும் அவர் வீட்டோடு மாப்பிள்ளை ஆனார். பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லாமல் போயிற்று. மாமியார் கூப்பிட்டதைப் பார்த்துப் பட்டறை ஆட்களும் மாப்பிள்ளை என்றார்கள். அவருடைய அப்பாவைவிட மூத்தவரான கரிக்காரர்கூட, "மாப்பிள்ளை, கொஞ்சம் நகருங்க" என்றுதான் மூட்டையை இறக்குவார்.

கமான் என்பது வண்டியின் உடம்புக்கும் அச்சுக்கும் நடுவில் இருக்கிற எஃகு வில். நீளமான பட்டையின் கீழே அதைவிடக் குட்டையான பட்டை, அதன் கீழே இன்னும் குட்டை என்று அடுக்கி, நடுவில் ஆணி போட்டு இறுக்கினால் கமான். அது இல்லாத வண்டியில் போகிறவர்கள், ஊர் போய்ச் சேரும்போது எதற்கு வந்தோம் என்பதை மறந்திருப்பார்கள். அந்த வட்டாரத்தில் ஓடிய குதிரை வண்டிகளில் முக்கால்வாசி இந்தப் பட்டறைக் கமான்களின் மேல்தான் ஆடிக்கொண்டிருந்தன.

மாமனார் போன பிறகு பட்டறை மாமியார் கைக்கு வந்தது. மாமியாருக்குக் கனத்த சரீரம். கூடத்து வாசலில் மரப்பெட்டியைப் போட்டு அதன்மேல் அவர் உட்கார்ந்தால், அப்புறம் உள்ளே போகவும் வெளியே வரவும் அவரைக் கேட்டாக வேண்டும். ஆறிய பட்டைகளை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து காட்டுவார்கள். அவர் சின்னச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டுவார். சத்தம் பிடித்தால் இடப்பக்கம், பிடிக்காவிட்டால் வலப்பக்கம். வலப்பக்கம் போனது மறுபடியும் உலைக்குப் போகும். காரணம் கேட்க யாருக்கும் தோன்றியதில்லை. கரி அறை, எஃகு அறை, எண்ணெய் அறை எல்லாவற்றின் சாவியும் அவர் இடுப்பில்தான்.

வீட்டோடு மாப்பிள்ளைக்கு இன்ன வேலை என்று யாரும் சொல்லவில்லை. வருகிறவர்களை உட்காரச் சொல்வார். போகிறவர்களை வழியனுப்புவார். நடுவில் இரண்டு வார்த்தை பேசப் போனால், "மாப்பிள்ளை, உலை அனல் மேல படும், தள்ளி நில்லுங்க" என்று மாமியாரின் குரல் வரும். உலை இருபதடி தள்ளி இருக்கும்.

ஊரில் முதல் மோட்டாரை வாங்கியவர் டாக்டர். நோயாளி வீட்டுக்குச் சீக்கிரம் போகலாம் என்று வாங்கினார். வழவழப்பான சாலையை மனதில் வைத்து எங்கேயோ செய்து, கப்பலில் வந்த வண்டி. இந்த ஊர்த் தெருக்களோ கல் பாவியவை. பாவினவனுக்கு அன்றைக்கு யார் மேலோ கோபம் இருந்திருக்க வேண்டும். மழைக்காலம் முடிவதற்குள் பின்பக்கத்துக் கமான் இரண்டும் ஒடிந்தன. டாக்டர் மோட்டாரின் முன்னால் ஒரு குதிரையைக் கட்டி இழுத்துக்கொண்டு பட்டறை வாசலுக்கு வந்து சேர்ந்தார்.

மாமியார் பெட்டியைவிட்டு எழுந்திருக்கவில்லை.

"குதிரை கட்டித்தானே வந்திருக்கீங்க டாக்டர். நல்லாத்தான் போகுது. அப்படியே வச்சுக்கோங்க."

"விளையாடாதீங்கம்மா. ரெண்டு கமான் செஞ்சு குடுங்க."

"வண்டிக்குத்தான் நாங்க செய்யறது."

"இது வண்டி இல்லாம வேற என்ன?"

"எனக்குத் தெரியலை. வாடகை வண்டிக்காரரோட ஆளுங்க இதைப் பாத்தா மிரளுறாங்க. குதிரைங்க பரவாயில்ல, பழகிடுச்சு."

வாடகை வண்டிக்காரர்தான் பட்டறையின் பெரிய வாடிக்கை. ரயிலடியில் நிற்கிற வண்டிகள் பூராவும் அவருடையவை. அவர் மனம் கோணும்படி எதுவும் செய்ய மாமியார் தயாராக இல்லை. டாக்டர் அசடு வழிய நின்றார். மாப்பிள்ளை அவரை உட்காரச் சொன்னார், பிறகு வழியனுப்பினார். வழியனுப்பப் போனவர் தெருமுனையில் நின்று, "பின்பக்கம் ஒரு கொட்டகை இருக்கு டாக்டர், ரெண்டு பேரும் தள்ளினா போயிடும்" என்றார். ஏன் அப்படிச் சொன்னோம் என்று அவருக்கே தெரியவில்லை. வாய் அவரைக் கேட்டுக்கொண்டு பேசுகிற வழக்கம் இல்லை.

எஃகுக்கு என்ன செய்வது? பாப்பாதான் அம்மாவிடம் போனாள்.

"அம்மா, அவர் சும்மா இருந்தா பேசிட்டே இருக்கார். கையில வேலை இருந்தா பேச மாட்டார்."

மாமியார் உடனே எஃகு அறையைத் திறந்துவிட்டார். போதாததற்கு மேஸ்திரியையும் சாயங்கால வேளைகளில் பின்கொட்டகைக்கு அனுப்பினார். மேஸ்திரிக்கு வருஷக்கணக்காகச் சம்மட்டிச் சத்தம் கேட்டுக் காது மந்தம். தனக்குப் பிடித்த வார்த்தைகள் மட்டும் அவருக்குக் கேட்கும் என்பது பாப்பாவின் கட்சி.

முதல் கமான் கெட்டியாக அமைந்தது. டாக்டர் ஒரு வாரத்தில் திரும்பி வந்தார். "கமான் ஒடியலை. நான்தான் ஒடிஞ்சிடுவேன் போல இருக்கு" என்று தாடையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். இரண்டாவது மெல்லியதாகப் போயிற்று. "ஒரு பள்ளத்துல ஆட ஆரம்பிச்சா அடுத்த பள்ளம் வரைக்கும் ஆடுது. நோயாளி வீட்டுக்குப் போனா அவங்க என்னைப் படுக்க வச்சு விசிறுறாங்க." மூன்றாவது தடவை டாக்டர் எதுவும் சொல்லவில்லை. பட்டறை வாசலில் டிரைவர் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியபோது அவர் பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை அவரை எழுப்பாமல் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். அன்றைக்குச் சாப்பாட்டில் என்ன போட்டார்கள் என்பதுகூட அவர் மனதில் பதியவில்லை. தான் செய்த ஒன்றின் மேல் ஒருத்தர் நம்பித் தூங்கியது அவருக்கு அதுதான் முதல் தடவை.

டாக்டர் தூங்கிய செய்தி பக்கத்து ஊருக்குப் போயிற்று. அங்கே ஒருத்தர் பழைய சோப்புத் தொழிற்சாலையை வாடகைக்குப் பிடித்து மோட்டார் செய்துகொண்டிருந்தார். எஞ்சின் கப்பலில் வரும், மற்றதெல்லாம் அங்கங்கே வாங்கிச் சேர்த்துப் பூட்டுவார். எல்லோரும் அவரை மோட்டார்க்காரர் என்றார்கள். அவர் டாக்டரின் வண்டியைக் குனிந்து பார்த்துவிட்டு நேராகப் பின்கொட்டகைக்கு வந்தார். பேச்சில் மாப்பிள்ளையைத் தூக்கிச் சாப்பிடுகிறவர். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் பேசி, ஒருத்தர் சொன்னதை மற்றவர் புரிந்தும்கொள்வதைக் காபி கொண்டுவந்த பாப்பா நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். காபி ஆறியது. அவர் போகும்போது, பெரிய கண்காட்சிக்கு வைக்கப் போகிற அத்தனை மோட்டாருக்கும் கமான் செய்து தருவதாக மாப்பிள்ளை வாக்குக் கொடுத்திருந்தார்.

பட்டைகளை வளைத்தாயிற்று. அடுத்து அவற்றைச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்க வேண்டும். அப்போதுதான் எஃகுக்கு வளைந்து நிமிர்கிற குணம் வரும். தண்ணீரில் முக்கினால் கண்ணாடி மாதிரி விறைத்துப் போகும், வெளியே தெரியாமல் உள்ளே கீறல் விடும். இது பட்டறையில் எல்லோருக்கும் தெரியும், மாப்பிள்ளைக்கும் தெரியும். அவர் போய் ஒரு பீப்பாய் எண்ணெய் கேட்டார்.

"வாடகை வண்டிக்காரர் வேலை முடியட்டும் மாப்பிள்ளை. மிச்சம் இருந்தா எடுத்துக்கோங்க" என்றார் மாமியார்.

மிச்சம் இருக்காது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அடுத்த எண்ணெய் வருவதற்குள் கண்காட்சியே முடிந்துவிடும். இன்னொரு தரம் கேட்டிருக்கலாம். இல்லாவிட்டால் மோட்டார்க்காரரிடம் போய் முடியாது என்றாவது சொல்லியிருக்கலாம். நாள் முழுக்கப் பேசுகிறவருக்கு இந்த இரண்டு பேச்சும் தொண்டைக்கு மேலே வரவில்லை. மேஸ்திரியிடம் போனார்.

"தண்ணியில முக்கினா என்ன ஆகும் மேஸ்திரி?"

"ஒடியும்."

"வெந்நீரா இருந்தா?"

மேஸ்திரி யோசித்தார். "மெதுவா ஒடியும்."

மெதுவாக என்றால் எவ்வளவு மெதுவாக என்று மாப்பிள்ளை கேட்கவில்லை. பதில் எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம், நல்லதையே நினைப்போம் என்று விட்டுவிட்டார். அண்டாவில் வெந்நீர் காய்ந்தது. பட்டைகள் புஸ்ஸென்று இறங்கின. ஆறியதும் ஒன்றிரண்டைக் கல்லுக்குக் குறுக்கே போட்டு அவரே ஏறிக் குதித்துப் பார்த்தார். தாங்கின. மாமியாரிடம் தட்டிப் பார்க்கக் கொண்டுபோகாமல் சாக்கில் சுற்றி அனுப்பிவிட்டார்.

கண்காட்சிக்கு மாப்பிள்ளையும் பாப்பாவும் நல்ல துணி உடுத்திக்கொண்டு போனார்கள். மோட்டார்கள் வரிசையாகப் பளபளவென்று நின்றன. மோட்டார்க்காரர் ஒரு ஸ்டூலின் மேல் ஏறி, பேசுவதைவிட உட்கார்ந்து பார்ப்பதே மேல் என்று வெகுநேரம் பேசினார். பிறகு விருப்பப்பட்டவர்கள் ஏறலாம் என்று கதவுகளைத் திறந்துவிட்டார்.

முதல் மோட்டாரில் ஒரு துணிக்கடைக்காரர் குடும்பத்தோடு ஏறினார். ஏறி, சாய்ந்து, கையை விரித்து வைத்துக்கொண்டார். அடியில் டப்பென்று ஒரு சத்தம். வண்டியின் பின்பக்கம் மெதுவாகத் தரையில் உட்கார்ந்தது. துணிக்கடைக்காரர் இதுவும் ஒரு வசதி போலிருக்கிறது என்று நினைத்துச் சிரித்தார். அதற்குள் பக்கத்து மோட்டாரில் டப். அதற்கடுத்ததில் இரண்டு டப். கடைசி மோட்டாரில் யாரும் ஏறவில்லை. அது தன்னந்தனியாக நின்றிருந்து, ஒரு பெண் கதவில் கை வைத்ததும் உட்கார்ந்துவிட்டது. மாப்பிள்ளை அந்தச் சத்தங்களை வரிசையாகக் கேட்டுக்கொண்டு நின்றார். பாப்பா அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். சிரிக்கவில்லை.

வாகனங்கள் பொதுமக்களுக்கு மண்டியிட்டு மரியாதை செலுத்தியதாக மறுநாள் செய்தித்தாள் எழுதியது.

வீட்டுக்கு வந்ததும் மாப்பிள்ளை கை கழுவிக்கொண்டு உட்கார்ந்தார், சாப்பிட்டார், எழுந்தார். நடுவில் ஒரு வார்த்தை இல்லை. தட்டை எடுத்த மாமியார் மகளைப் பார்த்தார்.

"உடம்பு சரியில்லையா?"

"கமான் ஒடிஞ்சிடுச்சும்மா."

"எத்தனை?"

"எல்லாம்."

மாமியார் தட்டைக் கொண்டுபோய் வைத்துவிட்டு மேஸ்திரிக்கு ஆள் அனுப்பினார். மேஸ்திரிக்கு அன்றைக்குக் காது நன்றாகக் கேட்டது. எண்ணெய், தண்ணீர், அண்டா எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். தான் ஒடியும் என்று சொன்னதை இரண்டு தடவை சொன்னார்.

பின்கொட்டகையில் மாப்பிள்ளை பரண்மேல் கிடந்த பழைய வண்டி மைப் பெட்டியை இறக்கித் தூசி தட்டிக்கொண்டிருந்தார். பாப்பா வந்து வாசலில் நின்றாள்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"தெரிஞ்ச தொழிலுக்கே போயிடலாம்னு பாக்கறேன்."

"எந்தத் தொழில்?"

"வண்டி மை."

"அதையும் நீங்க வித்ததே இல்லையே" என்றாள் பாப்பா. பிறகு பெட்டியை அவர் கையிலிருந்து வாங்கி அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டாள். அவர் எதிரே ஒரு பழைய சக்கரத்தின் மேல் உட்கார்ந்தார். அவமானம் என்பது நெஞ்சில் இருக்கும் என்று அவர் கேள்விப்பட்டிருந்தார். அவருக்கு அது வயிற்றில் இருந்தது, ஈயம் விழுங்கினதுபோல். அதைப் பாப்பாவிடம் சொன்னார். பாப்பா, "கொஞ்சம் கரையட்டும், அவசரமில்ல" என்றாள்.

காலையில் முன்கூடத்திலிருந்து ஏதோ உருண்டுவருகிற சத்தம் கேட்டது. மாமியார் எண்ணெய்ப் பீப்பாயைத் தன் கையாலேயே உருட்டிக்கொண்டு பின்கொட்டகைக்கு வந்துகொண்டிருந்தார். மேஸ்திரி பின்னால் ஓடிவந்தார். "அம்மா, இது வாடகை வண்டிக்காரருக்கு வச்சிருக்கறது."

"குதிரை காத்திருக்கும்" என்றார் மாமியார். "மாப்பிள்ளை, அந்த மைப் பெட்டியை எடுத்து இங்க வாசல்ல போடுங்க. நான் உக்காரணும்."

கூடத்து உலைகள்கூட அந்த வாரம் மோட்டாருக்கே எரிந்தன. ஒவ்வொரு பட்டையும் மாமியாரின் சுத்தியலுக்கு வந்தது. மாப்பிள்ளையே கொண்டுவந்து நீட்டினார். வலப்பக்கம் போனதை அவரே உலைக்குத் திரும்ப எடுத்துப்போனார். கண்புருவம் கருகியது. யாரும் அவரைத் தள்ளி நிற்கச் சொல்லவில்லை.

கமான்கள் முடிந்ததும் டாக்டர் தன் மோட்டாரை டிரைவரோடு கொடுத்தார். மாமியார் முதல் தடவையாக மோட்டாரில் ஏறினார். கதவுப் பக்கம் ஏறியதும் வண்டி அந்தப் பக்கம் சாய்ந்து, பிறகு நிமிர்ந்துகொண்டது. அவர் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. ஊர் எல்லை தாண்டும் வரை சாலையைப் பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு சாலையைப் பார்த்தபடியே பேசினார்.

"எண்ணெய் குடுக்காதது நான். தண்ணியில போட்டது நீங்க."

மாப்பிள்ளை அவர் பக்கம் திரும்பினார். "நான் இன்னொரு தரம் கேட்டிருக்கணும் அத்தை" என்றார்.

"கேட்டிருந்தாலும் குடுத்திருக்க மாட்டேன். ரெண்டும் சேர்ந்துதான் ஒடிஞ்சது. அங்க போயி இதைப் பத்தி ஒண்ணும் பேச வேண்டாம். நீங்க பேசவே வேண்டாம்."

"சரி அத்தை."

"குமட்டுது. இந்த ஆளை மெதுவா ஓட்டச் சொல்லுங்க."

சோப்புத் தொழிற்சாலை வளாகத்தில் மோட்டார்கள் எல்லாம் பின்பக்கம் தரையில் பட உட்கார்ந்திருந்தன. மோட்டார்க்காரர் தாடி மழித்து நாலு நாள் ஆகியிருந்தது. மாமியாரைப் பார்த்ததும் பேச வாயெடுத்தார். மாமியார் முந்திக்கொண்டார்.

"ஒடிஞ்சது எங்க தப்பு. ஏன்னு கேக்காதீங்க. அது மறுபடி நடக்காது. புதுசு கொண்டுவந்திருக்கோம், பழசை எடுத்துட்டுப் போறோம்."

"அம்மா, நீங்க சொல்றீங்க, நான் கேக்கறேன். ஆனா இனிமே இதுல யார் ஏறுவாங்க? ஊரே சிரிச்சாச்சு."

"நான் ஏறறேன். ஒரு வண்டியில பூட்டுங்க. இங்க இருக்கறதுலயே மோசமான ரோடு எது?"

மோட்டார்க்காரர் மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை பேசக் கூடாது என்பதால் வானத்தைப் பார்த்தார். "கல்குவாரி ரோடு ஒண்ணு இருக்கு. மாட்டு வண்டியே போகாது. வேணும்னா மணல் மூட்டை ஏத்தி அனுப்பறேன், நீங்க எதுக்கு?"

"மணல் மூட்டை எறங்கி வந்து எப்படி இருந்துச்சுன்னு சொல்லாது" என்றார் மாமியார்.

கமான்களைப் பூட்டி முடிக்க மத்தியானம் ஆயிற்று. டிரைவரும் மோட்டார்க்காரரும் முன்னால், மாமியாரும் மாப்பிள்ளையும் பின்னால். மாமியார் ஏறியபோது மோட்டார்க்காரர் கண்ணை மூடிக்கொண்டார். டப் என்ற சத்தம் வரவில்லை. கண்ணைத் திறந்தார்.

குவாரி ரோடு என்பது ரோடு இல்லை. வெடி வைத்து உடைத்த கல்லை எடுத்துப்போனவர்கள், எடுக்காமல் விட்ட கல். முதல் இறக்கத்தில் இடப்பக்கத்து விளக்கு கழன்று விழுந்தது.

"நிறுத்துங்க" என்றார் மாமியார். "மாப்பிள்ளை, எடுத்துட்டு வாங்க."

மாப்பிள்ளை இறங்கி எடுத்துவந்தார். கொஞ்ச தூரத்தில் ஹாரனின் ரப்பர் உருண்டை உருண்டு ஓடியது. அதையும் துரத்திப் பிடித்துக்கொண்டு வந்தார். பிறகு ஒரு மட்கார்டு. பிறகு ஏறும்போது கால் வைக்கிற படிப்பலகை. வலப்பக்கத்து விளக்கு வெகுநேரம் தாக்குப்பிடித்து, எல்லோரும் அதை நம்பத் தொடங்கிய சமயத்தில் விழுந்தது. புகைக்குழாய் விழுந்தபோது மோட்டாரின் சத்தம் பீரங்கி மாதிரி ஆகிவிட்டதால் அதற்கப்புறம் மாமியார் டிரைவரின் தோளைத் தட்டித்தான் நிறுத்த வேண்டியிருந்தது. ஒவ்வொரு பள்ளத்திலும் அடியில் கமான் அழுந்துவதையும் எழும்புவதையும் மாப்பிள்ளை தன் முதுகில் உணர்ந்தார். மாமியார் இரண்டு கையாலும் முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு, முகம் வெளிறி, வாயை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திரும்பிப் போகலாமா என்று மாப்பிள்ளை கேட்டபோது, வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினார்.

குவாரியைச் சுற்றி வந்து வளாகத்துக்குள் நுழைகிற கடைசிப் பள்ளத்தில் மோட்டார்க்காரர் பக்கத்துக் கதவு கழன்றது. அவர் விழ விடாமல் பிடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

மோட்டார் நின்றது. மாமியார் இறங்கி, சுவரோரமாகப் போய், முதுகைக் காட்டிக்கொண்டு வாந்தி எடுத்தார். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தார். குனிந்து பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் பார்த்தார். கமான் இரண்டும் அப்படியே இருந்தன. கூடவே கொண்டுவந்திருந்த சுத்தியலை எடுத்து இரண்டையும் ஒரு தட்டுத் தட்டினார்.

"இது இருக்கு" என்றார். பிறகு மாப்பிள்ளையின் காலடியில் குவிந்து கிடந்ததைக் காட்டி, "இதெல்லாம் யார் செஞ்சது?" என்றார்.

மோட்டார்க்காரருக்குச் சுருதி இறங்கியிருந்தது. கதவை மடியிலிருந்து இறக்காமலே சொன்னார். விளக்கு, படகுக்கு லாந்தர் செய்கிறவரிடம் வாங்கியது. மட்கார்டு, தகரப் பெட்டிக்காரர் தட்டிக் கொடுத்தது. புகைக்குழாய், கொல்லர் செய்த தண்ணீர்க் குழாய். கதவு அலமாரிக் கடையில் செய்தது.

"ஒண்ணும் லாயக்கில்ல. இனிமே நாங்களே செஞ்சு தரோம்."

மாப்பிள்ளை அதிர்ந்துபோனார். பேசக் கூடாது என்ற உத்தரவையும் மறந்து, "அத்தை, நமக்கு விளக்கு செய்யத் தெரியாதே" என்று காதோரமாகச் சொன்னார்.

"அவங்களுக்கும் தெரியலை, பாத்தீங்கல்ல. பாப்பாகிட்ட குடுத்தா கத்துப்பா." கொஞ்சம் நிறுத்தி, "மத்ததை நீங்க பாத்துக்கோங்க" என்றார்.

அந்தப் பட்டறை மோட்டார் பாகங்கள் செய்யத் தொடங்கிய வரலாறு இவ்வளவுதான். பிற்காலத்தில் விசாரிக்க வந்தவர்களுக்கு ஏதாவது தீர்க்கதரிசனம், திட்டம் என்று எழுதிக்கொண்டுபோக ஆசையாக இருந்தது. மாப்பிள்ளை அவர்களுக்குக் குவாரி ரோட்டைப் பற்றித்தான் சொல்வார். விழுந்ததைச் செய்தோம், விழாததை விட்டுவிட்டோம் என்பார்.

பாப்பா விளக்குக்குள் இருக்கும் பித்தளைக் கிண்ணத்தை முகம் தெரிகிற வரைக்கும் மெருகேற்றக் கற்றுக்கொண்டாள். ஆடுகிற வண்டியில் திருகாணி கழலாமலிருக்க அதன் அடியில் ஒரு வெட்டு வளையம் போடும் யோசனையும் அவளுடையதுதான். அவளுக்குக் கீழே எட்டுப் பெண்கள் வேலை பார்த்தார்கள், எட்டுப் பேருக்கும் அவள் பாப்பாதான். வாடகை வண்டிக்காரர், தன் எண்ணெயை மோட்டாருக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று ஒரு வருஷம் பட்டறைப் பக்கம் வரவில்லை. அதற்கடுத்த வருஷம் வந்தார், குதிரைகளை விற்றுவிட்டு மோட்டார் வாங்குவதாக இருப்பதாகவும், யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றும் மாமியாரிடம் தணிந்த குரலில் சொன்னார். மாமியார் அவரை உட்காரச் சொன்னார். ரயிலடியில் நின்ற வண்டிகளில் ஓடிய கமான்களைத் திரும்ப வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். எஃகு நல்ல எஃகு, காய்ச்சி மறுபடி அடிக்கலாம். அவர் போன பிறகு வெகுநேரம் சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்றையும் தட்டாமல் உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளை பட்டையோடு காத்து நின்றார், அவசரப்படுத்தவில்லை.

மாமியார் அப்புறம் மோட்டாரில் ஏறவே இல்லை. குமட்டும் என்பார்.

மோட்டார்க்காரரின் தொழில்தான் நிலைக்கவில்லை. வண்டிகள் நன்றாகத்தான் ஓடின. ஆனால் கப்பலில் வந்த பெரிய கம்பெனி வண்டிகள் அதைவிட நன்றாக ஓடின, அவற்றின் கதவுகளும் கூடவே வந்தன. சோப்புத் தொழிற்சாலையில் மறுபடி சோப்புக் காய்ச்சத் தொடங்கினார்கள். ஒரு காலை வேளையில் மோட்டார்க்காரர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு பட்டறை வாசலில் வந்து நின்றார். அப்போது பட்டறைக்கு லாரிக்காரர்கள் வாடிக்கை ஆகியிருந்தார்கள், கூடத்தில் நிற்க இடமில்லை.

"ஏதாவது வேலை இருந்தா சொல்லுங்கம்மா" என்றார்.

"என்ன தெரியும்?"

"பேசத் தெரியும்."

"அதுக்கு ஆள் இருக்கு."

"வண்டியைப் பிரிச்சுப் பூட்டத் தெரியும்."

மாமியார் பெட்டியோடு சேர்ந்து கொஞ்சம் நகர்ந்து வழிவிட்டார். "பின்கொட்டகைக்குப் போங்க. மாப்பிள்ளை என்ன சொல்றாரோ அதைச் செய்யுங்க."

மாப்பிள்ளை அவரைக் கண்டதும் எழுந்து நின்றார். மோட்டார்க்காரர் கோட்டைக் கழற்றி எங்கே மாட்டுவது என்று பார்த்தார். மாப்பிள்ளை அதை வாங்கி, தன் சட்டை தொங்கிய ஆணியிலேயே மாட்டினார். பிறகு ஒரு லாரிக் கமானின் மறுமுனையைக் காட்டி, "அந்தப் பக்கம் பிடிங்க, சூடு இருக்கு, துணி வச்சுப் பிடிங்க" என்றார்.